நமுத்த தோட்டா: அடுத்த வெடிதான் ஆபத்து

புதுச்சேரி உப்பளம் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உப்பு ஜாடி படுத்தும் பாடு தெரியும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டே நாளில் உப்பு கசிந்துவிடும். தீபாவளிப் பட்டாசும் அப்படித்தான். வெயிலில் காய வைக்காவிட்டால் பாதி புஸ்ஸென்று போய்விடும். பட்டாசு நமுத்தால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம், அத்தோடு சரி. துப்பாக்கித் தோட்டா நமுத்தால் விஷயம் அத்தோடு முடிவதில்லை. அதற்கு அடுத்த தோட்டா, சுடுகிறவர் கையையும் கண்ணையும் வாங்கிவிடக்கூடும்.

பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர், கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை என்று சுட்ட தோட்டாக் கூட்டிலேயே மறுபடி மருந்து கெட்டிக்கிறார்கள். அவர்களை எண்ணியே இக்கட்டுரை.

குழலுக்குள் நடப்பது என்ன?

தோட்டாவின் அடியில் கேப்பு இருக்கிறது. அதற்கு மேல் மருந்து, மருந்தின் மேல் தக்கை, தக்கையின் மேல் ரவை. விசையை இழுத்ததும் கேப்பு வெடித்து மருந்தைப் பற்ற வைக்கிறது. மருந்து எரிந்து உண்டாகும் வாயு, தக்கையையும் ரவையையும் வெளியே தள்ளுகிறது. மருந்து நமுத்திருந்தாலோ, அளவு குறைந்திருந்தாலோ, மருந்தே போட மறந்திருந்தாலோ கேப்பு மட்டும் வெடிக்கும். கேப்புக்கும் கொஞ்சம் பலம் உண்டு. தக்கையைக் கூட்டிலிருந்து கிளப்பிக் குழலுக்குள் தள்ள அது போதும். குழலைத் தாண்டி வெளியே அனுப்பப் போதாது. ஆகவே தக்கை நடுக்குழலில் நின்றுவிடுகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. வழக்கமான சத்தம் இல்லாமல் மெல்லிய ஓசை கேட்கும். தோளில் உதை இராது. ரவை கொஞ்சம் குழல் வாயிலிருந்து உதிர்ந்தும் இருக்கலாம். எதிரே பன்றி ஓடிக்கொண்டிருக்கிற அவசரத்தில், "சரி, இது போகட்டும்" என்று அடுத்த தோட்டாவைப் போட்டு விசையை இழுக்கிறார்கள். இம்முறை தோட்டா நல்ல தோட்டா. அதன் வாயு முழுவேகத்தில் வந்து தக்கையில் முட்டுகிறது. வழி இல்லாததால் குழல் வீங்கும், அல்லது பிளக்கும். இடது கை பிடித்திருக்கும் இடமும் அநேகமாக அதுவே.

எனவே சத்தம் குறைந்தாலோ, உதை குறைந்தாலோ அன்றைய வேட்டை அதோடு நிற்க வேண்டும். குழலை ஆளில்லாத திசை நோக்கி அரை நிமிடமாவது அப்படியே பிடித்திருங்கள். மருந்து சில சமயம் தாமதித்துப் பற்றும். பிறகு துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து குழலைப் பாருங்கள். மறுமுனையில் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே அடைப்பு இருக்கிறது. இரட்டைக் குழல் துப்பாக்கியானால் இரண்டு குழலையும் பார்க்க வேண்டும். அடைப்பைச் சுட்டுத் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் கையை இழக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடமே எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டில் கெட்டிப்பது ஏன் வேண்டாம்?

தோட்டாவைத் தாமே கெட்டிக்க அனுமதி உள்ள அமெரிக்கா போன்ற நாடுகளில், அதைப் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். அங்கும் இந்தப் புஸ் தோட்டாதான் பெரிய பயம். தராசில் மருந்தை நிறுத்து, ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, மருந்து இருப்பது தெரிந்த பிறகே மேல் வேலையைத் தொடங்குவார்கள். நடுவில் யாராவது கூப்பிட்டுக் கணக்குத் தவறினால், போட்ட மருந்தைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். நம் வீட்டுத் திண்ணையில் ஒரு பக்கம் பேரன், ஒரு பக்கம் கன்றுக்குட்டி, நடுவில் அண்டை வீட்டுக்காரர் பேச்சு. இதற்கிடையில் எந்தக் கூட்டில் மருந்து போட்டோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்?

மருந்தின் தரமும் கவனிக்கத்தக்கது. நாட்டுக் கருமருந்து வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. வெடியுப்பில் சமையல் உப்பு முதலிய கலப்பு இருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உப்பளத்து உப்பு ஜாடிக்கு நேர்வதே மருந்துக்கும் நேரும். இன்னொரு கெடுதலும் உண்டு. 1884-ல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். இக்காலத் தோட்டாக்களில் இருப்பது அந்த வகையே. அது கருமருந்தைவிடப் பன்மடங்கு வேகமுள்ளது. இரண்டும் ஒன்றென்று நினைத்து மாற்றி அளந்தால் புஸ்ஸென்று போகாது. முதல் வெடியிலேயே துப்பாக்கி சிதறும்.

மருந்தோடு விளையாட்டு வேண்டாம் என்பதற்கு நம் ஊரிலேயே பழங்கதை உண்டு. 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, உப்பளத்துக்குத் தெற்கே ஆற்றுக்கு அப்பாலுள்ள அரியாங்குப்பம் கோட்டையில் வெடிமருந்து வெடித்து, பிரெஞ்சுக்காரர் கோட்டையையே கைவிட நேர்ந்தது. தேர்ந்த சிப்பாய்கள் கையிலேயே அப்படி.

சட்டமும் கடுமையானது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, அதற்கென்று லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. துப்பாக்கி வைத்துக்கொள்ளப் பெற்ற லைசென்ஸ் தோட்டா தயாரிக்க அனுமதி ஆகாது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பின் இக்குற்றத்துக்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. நான்கு தோட்டா விலை மிச்சம் பிடிக்கப் போய் நிலத்தை விற்று வழக்கு நடத்த வேண்டியிருக்கும். கடைத் தோட்டாவில் கோளாறே வராது என்று சொல்வதற்கில்லை. ஆனால் புனேயை அடுத்த கட்கி தொழிற்சாலையிலிருந்து வரும் சக்திமான் போன்ற தோட்டாக்கள் அளந்து, சோதித்து, பெட்டியில் அடைத்து வருபவை. வாங்கும்போது பெட்டி நனைந்ததா, கூடு உப்பியிருக்கிறதா, பித்தளையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் கவனத்துக்கு

குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்பின் பேரில் லைசென்ஸ் தரச் சட்டத்தில் இடம் உண்டு. இதில் கெட்டிப்பது தவிர்க்க முடியாதது. ஆகவே அபாயமும் அதிகம். காலிக் குழலில் திணிக்கும் கம்பியை விட்டு, வாய் மட்டத்தில் கம்பியில் ஒரு கோடு கிழித்து வையுங்கள். மறுபடி விடும்போது கோடு வெளியே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். முந்தின நாள் கெட்டித்ததை மறந்து மேலும் கெட்டிக்கும் விபரீதம் இதனால் தவிரும். குண்டு மருந்தின் மேல் நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் அந்தக் குண்டே அடைப்பாகிவிடும். மழையில் நனைந்து வெடிக்காமல் போனால் குழல் வாய்க்கு நேரே முகத்தைக் காட்டாதீர்கள்.

வேறொரு வகையிலும் குழல் அடைபடும். 12 போர் என்பது ஒரு பவுண்டு ஈயத்தில் 12 குண்டு வார்க்கும் அளவு. 20 போர் என்றால் 20 குண்டு. ஆகவே எண் கூடினால் தோட்டா சிறுக்கும். 20 போர் தோட்டாவை 12 போர் துப்பாக்கியில் போட்டால் அது வழுக்கி உள்ளே போய் நின்றுவிடும். காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் விளைவு சொல்ல வேண்டியதில்லை. 20 போர் தோட்டா பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வருவது இதற்காகத்தான். இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள்.

தோட்டாவை மூடி இறுக்கமான தகர டப்பாவில், அடுப்பங்கரைக்கும் உர மூட்டைக்கும் எட்ட, பூட்டி வையுங்கள். நமுத்துவிட்டது என்று தோன்றினால் பட்டாசைப் போல வெயிலிலோ அடுப்பு மேட்டிலோ காய வைக்கக் கூடாது. பிரித்துப் பார்க்கவும் கூடாது. கடைக்காரரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்துவிடலாம். காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம். அதை வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேர்தல் காலத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்பக் கைக்கு வர மாதக்கணக்கு ஆகலாம். மூலையில் சாத்தி வைத்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். போகும்போது எண்ணெய் போட்ட துணித்துண்டு உள்ளேயே தங்கியிருப்பதும் உண்டு. வாங்கி வந்த அன்றே, தோட்டாவைத் தொடுவதற்கு முன், துப்பாக்கியைத் திறந்து குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கம்பியில் உலர்ந்த துணி சுற்றி இரு முறை இழுத்து விடுங்கள்.