கரீபியன் கிரிக்கெட்டின் கணக்கேடு: கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு?

2021 மார்ச் 28 ஆம் திகதி மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் சபையின் தலைவரைத் தெரிவு செய்வதற்கென அதன் வருடாந்தப் பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. ஆனால், தேர்தல் நடைபெறவில்லை. ஆறு பிராந்திய சபைகளின் 12 பிரதிநிதிகளில் ஆகக் குறைந்தது ஒன்பது பேராவது சமுகமளித்திருக்க வேண்டும் என்பது விதி. பார்படோஸ், கயானா ஆகிய இரு சபைகளின் நான்கு பிரதிநிதிகளும் கலந்துகொள்ளாததால் எட்டுப் பேர் மட்டுமே எஞ்சினர். கோரம் இன்றிக் கூட்டம் கலைந்தது. கணக்காய்வு செய்யப்பட்ட நிதியறிக்கையை முன்வைக்காமல் தேர்தலை நடத்தக் கூடாது என்பதே அவ்விரு சபைகளும் கிளப்பிய ஆட்சேபம். இரு வாரங்களின் பின்னர், ஏப்ரல் 11 ஆம் திகதி, எதிர்த்துப் போட்டியிடவிருந்தவர் விலகிக்கொள்ள, பதவியிலிருந்த ரிக்கி ஸ்கெரிட் போட்டியின்றி மீண்டும் தலைவரானார்.

கணக்கறிக்கை மீதான கரிசனையா, வாக்குக் கணக்கு மீதான கரிசனையா அந்த நால்வரையும் விலகியிருக்கச் செய்தது என்பதை நாம் இங்கு ஆராயப் போவதில்லை. இரண்டுமே இருந்திருக்கலாம். ஆனால், ஒரு விளையாட்டு அமைப்பின் நிதியறிக்கை தேர்தலையே நிறுத்தி வைக்கக் கூடிய ஆயுதமாக மாறியமை கவனத்திற்குரியது. வீரர்களின் துடுப்பாட்ட சராசரியை விரல் நுனியில் வைத்திருக்கும் இரசிகர்கள், சபையின் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்ப்பதேயில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் வீழ்ச்சிக்கான விளக்கங்களில் கணிசமான பகுதி அங்கேதான் இருக்கிறது என்பது எமது கருத்தாகும்.

முதலில் இந்த அமைப்பின் இயல்பை விளங்கிக்கொள்ள வேண்டும். மேற்கிந்தியத் தீவுகள் என்றொரு நாடு கிடையாது. ஜமைக்கா, பார்படோஸ், திரினிடாட் டுபாகோ, கயானா ஆகிய நான்கும் தனித்தனி நாடுகள். லீவர்ட் தீவுகள், விண்ட்வர்ட் தீவுகள் ஆகிய இரண்டும் பல சிறு தீவுகளின் கூட்டுகள். இந்த ஆறு சபைகளுமே நிறுவனத்தின் பங்குதாரர்கள். சட்டப்படி அது பிரித்தானிய வேர்ஜின் தீவுகளில் பதிவு செய்யப்பட்ட ஒரு தனியார் கம்பனி. சுமார் 28 இலட்சம் மக்களைக் கொண்ட ஜமைக்காவுக்கும் வாக்கு இரண்டு. அதன் பத்தில் ஒரு பங்கு சனத்தொகையே உள்ள பார்படோசுக்கும் வாக்கு இரண்டு. சிறியோருக்குச் சம மதிப்பு என்ற வகையில் இதில் நியாயம் உண்டு. ஆயினும், பணத்தைப் பங்கிட்டுப் பெறும் ஆறு சபைகளே தலைவரைத் தெரிவு செய்கின்றன; அவையே பணிப்பாளர்களில் பெரும்பான்மையினரை நீண்டகாலமாக அனுப்பி வந்தன; கணக்கறிக்கையை ஏற்பதும் அவையே. கையேந்துபவரும் கணக்குக் கேட்பவரும் ஒருவராகவே இருக்கும் ஏற்பாடு இது.

இனி வருமானத்திற்கு வருவோம். உள்ளூரில் நடைபெறும் தொடர்களின் ஒளிபரப்பு உரிமை, அனுசரணை, சர்வதேச கிரிக்கெட் பேரவை பகிர்ந்தளிக்கும் தொகை ஆகியனவே பிரதான வழிகள். இவற்றுள் முதலாவது வழி ஆண்டுக்காண்டு பெருமளவில் ஏறி இறங்குவது. இந்தியா வந்தால் ஒளிபரப்பு நிறுவனங்கள் பணம் கொட்டும். இங்கிலாந்து வந்தால் அதனோடு பல்லாயிரம் இரசிகர்களும் விமானமேறி வருவர். மற்றெந்த அணி வந்தாலும் தொடரை நடத்தும் செலவுகூட மீளாது என்பதைச் சபையின் நிர்வாகிகளே பல தடவை ஒப்புக்கொண்டிருக்கின்றனர். எனவே, இங்கிலாந்தும் இந்தியாவும் வந்த ஆண்டில் மிகை காட்டும் அறிக்கை, அடுத்த ஆண்டில் பற்றாக்குறை காட்டுவது இயல்பே. மிகை வந்த ஆண்டில் நிர்வாகத்தைப் புகழ்வதும் பற்றாக்குறை வந்த ஆண்டில் இகழ்வதும் மழை பெய்ததற்காகக் கமக்காரரைப் பாராட்டுவதற்கு ஒப்பாகும். மழைக்காலத்தில் குளத்தைக் கட்டினாரா என்பதல்லவா கேள்வி?

கட்டவில்லை என்பதே கிடைத்த பதில். 2019 மார்ச்சில் டேவ் கமரூனை 8 க்கு 4 என்ற வாக்குகளால் தோற்கடித்துப் பதவிக்கு வந்த ஸ்கெரிட், வெளியார் மூலம் நிதி நிலையைப் பரிசீலிக்கச் செய்தார். நிதிக் கட்டுப்பாடுகளில் பாரதூரமான பலவீனங்கள் இருந்ததாக அவ்வறிக்கை கூறியது. முன்னைய நிர்வாகத் தரப்பு அதனை ஏற்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அறிக்கையின் நியாயம் எவ்வாறிருப்பினும், வரவிருக்கும் வருமானத்தை ஈடாகக் காட்டிக் கடன் பெற்றுப் பழைய கடனை அடைக்கும் வழக்கம் நிலவியமை இரகசியமல்ல. கொவிட் பெருந்தொற்று வந்தபோது கையிருப்பு எதுவும் இருக்கவில்லை. 2020 ஜூலை முதல் ஊழியர்களதும் வீரர்களதும் கொடுப்பனவுகள் பாதியாகக் குறைக்கப்பட்டன. அதே மாதத்தில் பெருந்தொற்றுக் காலத்தின் முதலாவது சர்வதேசத் தொடரை ஆட அவ்வணி இங்கிலாந்து சென்றிருந்தது. அந்த வேளையில் இங்கிலாந்துச் சபையிடமிருந்து 30 இலட்சம் அமெரிக்க டொலர் குறுங்காலக் கடன் பெற வேண்டிய நிலையிலும் அச்சபை இருந்தது.

செலவுப் பக்கமும் எளிதானதல்ல. கிங்ஸ்டனுக்கும் ஜோர்ஜ்டவுனுக்கும் இடைப்பட்ட தூரம் 2,000 கிலோமீற்றருக்கும் அதிகம். எம் நாட்டில் ஒரு கழகம் கொழும்பிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் சென்று ஆடிவிட்டுத் திரும்பிவிடும். அங்கோ ஒவ்வொரு உள்ளூர்ப் போட்டிக்கும் விமானச் சீட்டும் ஹோட்டல் அறையும் வேண்டும். தீவுகளை இணைத்துவந்த லியற் விமான நிறுவனம் 2020 இல் நொடித்துப் போனது இச்சுமையை மேலும் கூட்டியது. ஆறு பிராந்தியங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் மட்டுமே உள்ள ஒரு சந்தையிலிருந்து இவ்வளவையும் ஈடு செய்ய முடியாது.

பேரவையின் பங்கீடும் கைகொடுக்கவில்லை. 2016 முதல் 2023 வரையான எட்டாண்டுக் காலத்திற்கு இந்தியாவுக்கு 405 மில்லியன் டொலரும், மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இலங்கைக்கும் தலா 128 மில்லியனும் என வகுக்கப்பட்டிருந்தது. 2024 இல் தொடங்கிய நான்காண்டுக் காலத்திற்கான ஏற்பாட்டில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 38.5 வீதமாக உயர, மேற்கிந்தியத் தீவுகளின் பங்கு 4.6 வீதமளவிலும் இலங்கையின் பங்கு 4.5 வீதமளவிலும் நின்றதாக வெளியான தகவல்கள் காட்டின. வெளிநாட்டுத் தொடரின் வருமானம் முழுவதும் உபசரிக்கும் நாட்டுக்கே உரியது என்ற மரபும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. நான்கு மாதங்களில் அவுஸ்திரேலியாவுக்கு அணிகளை அனுப்ப 20 இலட்சம் டொலருக்கு மேல் செலவிட்டும் ஒரு டொலரேனும் திரும்பவில்லை என 2024 ஜனவரியில் அச்சபையின் அப்போதைய பிரதம நிறைவேற்று அதிகாரி ஜொனி கிரேவ் பகிரங்கமாகவே முறையிட்டார்.

அம்மாதத்திலேயே, ஜனவரி 28 ஆம் திகதி, பிரிஸ்பேனில் அவ்வணி எட்டு ஓட்டங்களால் வென்றது. அவுஸ்திரேலிய மண்ணில் 1997 க்குப் பின்னர் கிட்டிய முதலாவது டெஸ்ட் வெற்றி அது. காயமடைந்த கால்விரலுடன் பந்துவீசி 68 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்த ஷமார் ஜோசப், கயானாவில் படகிலேறிச் சென்றடைய வேண்டிய பரக்கரா என்ற கிராமத்தில் பிறந்தவர். பாதுகாவலராக வேலை பார்த்து வாழ்ந்தவர். உலகம் வியந்தது. அந்தப் போட்டியின் ஒளிபரப்பு வருமானத்தில் அவரது சபைக்குப் பங்கில்லை.

இவ்வாறு கூறுவதால் அனைத்துக்கும் வெளியாரே காரணம் என்று நாம் வாதிடவில்லை. 2008 இல் அலன் ஸ்ரான்போர்ட் என்ற செல்வந்தரின் 20 மில்லியன் டொலர் பரிசுப் போட்டியின் பின்னால் இங்கிலாந்துச் சபையோடு சேர்ந்து ஓடியதும் இதே நிர்வாகமே. அச்செல்வம் பிறரை மோசடி செய்து திரட்டியது என்பது பின்னர் அம்பலமாகி, 2012 இல் அவருக்கு 110 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அன்ரிகுவாவில் அவர் வைத்திருந்த மைதானத்தைச் சில ஆண்டுகளின் பின்னர் கிரிக்கெட் சபையே விலைக்கு வாங்கியது விதியின் விளையாட்டு எனலாம்.

2014 ஒக்டோபர் நிகழ்வு இன்னும் பாரதூரமானது. உள்ளூர் வீரர்கள் 90 பேருக்குச் சம்பள ஒப்பந்தம் வழங்க சபை தீர்மானித்தது, நல்ல தீர்மானமே. ஆனால், அதற்கான பணத்தைச் சர்வதேச வீரர்களுக்குச் சேர்ந்துவந்த அனுசரணைக் கொடுப்பனவிலிருந்து திருப்பியபோது, சம்பந்தப்பட்டவர்களின் இணக்கத்தைப் பெறாமல் வீரர் சங்கத்துடன் மட்டும் உடன்படிக்கை செய்தது. இந்தியாவில் ஆடிக்கொண்டிருந்த அணி தர்மசாலாவில் நான்காவது ஒருநாள் போட்டியுடன் நாடு திரும்பியது. இந்தியச் சபை ஏறத்தாழ 42 மில்லியன் டொலர் நட்டஈடு கோரியது. அத்தொகையைச் செலுத்த நேர்ந்திருந்தால் கரீபியன் சபை வங்குரோத்தாகியிருக்கும். பின்னர் பேச்சுவார்த்தைகளால் விவகாரம் தணிந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப அவசர அவசரமாக அழைக்கப்பட்டது இலங்கை அணியே என்பதை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயத்தமின்றிச் சென்று ஐந்து போட்டிகளிலும் தோற்றோம். கொல்கத்தாவில் ரோஹித் சர்மா 264 ஓட்டங்கள் குவித்தது அத்தொடரில்தான். கரீபியனின் கணக்குப் பிழைக்கு எமது பந்துவீச்சாளர்களும் வட்டி கட்டினர்.

சீர்திருத்தத்திற்கான ஆலோசனைக்கு அங்கு பஞ்சமிருக்கவில்லை. 2007 இல் ஜமைக்காவின் முன்னாள் பிரதமர் பி.ஜே. பற்றர்சன் தலைமையிலான குழு, 2012 இல் சார்ள்ஸ் வில்கின் தலைமையிலான குழு, 2015 இல் கரீபியன் சமூக நாடுகள் நியமித்த பேராசிரியர் யூடின் பரிற்றோ தலைமையிலான குழு, 2020 இல் டொன் வெஹ்பி தலைமையிலான குழு என வரிசையாக அறிக்கைகள் வந்தன. நிர்வாகத்தில் பிராந்திய சபைகளின் பிடி தளர வேண்டும், திறமை அடிப்படையில் வெளியார் இடம்பெற வேண்டும் என்பதே இவற்றினூடே ஓடும் கருத்து. 2015 ஆம் ஆண்டுக் குழுவோ சபையை உடனடியாகக் கலைத்துவிட வேண்டும் என்றே பரிந்துரைத்தது. பிரதமர்கள் கோரியும் சபை அசையவில்லை. தாம் ஒரு தனியார் கம்பனி, பங்குதாரர்களுக்கு மட்டுமே பதில் கூறக் கடமைப்பட்டவர்கள் என்ற வாதம் அதற்குப் போதுமானதாயிற்று. தமது அதிகாரத்தைக் குறைக்கும் யோசனைக்குக் கையுயர்த்த வேண்டியவர்கள் அதே ஆறு சபையினர் என்பதால் இதில் வியப்பில்லை.

அரசாங்கங்களின் கோபத்தையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. 2007 உலகக் கிண்ணத்திற்காக மைதானங்களைக் கட்டியதும் புதுப்பித்ததும் பெரும்பாலும் பொதுப் பணத்தினாலும் வெளிநாட்டு உதவியினாலுமே. கிரெனடாவுக்குச் சீனாவும், கயானாவுக்கு இந்தியாவும் உதவின. போட்டிகள் முடிந்து விருந்தினர் சென்ற பின்னர் ஆண்டு முழுவதும் புல் வெட்டும் செலவு அந்தந்த அரசாங்கங்களின் தலையில் விழுந்தது. 2024 இல் இருபது-20 உலகக் கிண்ணத்தை அமெரிக்காவுடன் இணைந்து நடத்தியபோது, மைதான வேலைகளை உரிய காலத்தில் முடிக்க இயலாதென்று டொமினிக்கா முன்கூட்டியே விலகிக்கொண்டது. அவமானம் என்று சிலர் கூறினர். எமக்கு அது கணக்குத் தெரிந்த முடிவாகவே படுகிறது.

ஆனால், அரசாங்கம் தலையிட்டால் தீர்வு வருமா? கயானா அரசாங்கம் 2011 இல் கிளைவ் லொயிட் தலைமையில் இடைக்கால முகாமைக் குழுவொன்றை நியமித்தபோது, சபை அந்நாட்டிலிருந்து பிராந்தியப் போட்டியொன்றை அகற்றியே பதிலளித்தது. இலங்கையில் அதனைவிடப் பெரிய பாடத்தை 2023 நவம்பரில் பெற்றோம். மும்பையில் 55 ஓட்டங்களுக்கு அணி சுருண்ட சில தினங்களில் விளையாட்டுத்துறை அமைச்சர் சபையைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பாராளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிய மறுதினம் சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையை இடைநிறுத்தியது. இளையோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் பறிபோனது. இடைநிறுத்தம் 2024 ஜனவரியில் நீக்கப்பட்டது.

இரு இடங்களிலும் நோய் ஒன்று, குணங்குறி வேறு. அங்கே 12 வாக்குகளின் நெருக்கம் சீர்திருத்தத்தைத் தடுத்தது. இங்கே நீண்டகாலமாக 140 க்கும் அதிகமான வாக்குகள் இருந்தன. ஆனால், அவ்வாக்குகளின் எண்ணிக்கை வடக்கிலோ கிழக்கிலோ ஒரு தரமான புற்றரை ஆடுகளமாக மாறவில்லை. யாழ்ப்பாணத்திலும் கல்முனையிலும் பிள்ளைகள் விரிப்பு ஆடுகளத்தில் பந்துவீசிப் பழகிக்கொண்டிருந்த காலத்தில்தான் கொழும்பில் ஆண்டுதோறும் மிகைகளும் விசாரணைகளும் மாறி மாறி அறிவிக்கப்பட்டன.

2025 ஜூலையில் கிங்ஸ்டனில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக மேற்கிந்தியத் தீவுகள் 27 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சபை உடனே லொயிட், ரிச்சர்ட்ஸ், லாரா ஆகியோரை ஆலோசனைக்கு அழைத்தது. அவர்கள் துடுப்பாட்டம் பற்றிக் கூறுவதற்கு நிறையவே இருக்கும். நாம் கேட்டறிய விரும்புவதோ, இங்கிலாந்தும் இந்தியாவும் வந்த ஆண்டுகளின் மிகையில் எவ்வளவு ஒதுக்கமாக வைக்கப்பட்டது, பரக்கரா போன்ற கிராமங்களின் மைதானங்களுக்கு எவ்வளவு சென்றது என்பதையே.

அக்கேள்வியை எமது பக்கமும் திருப்ப வேண்டியுள்ளது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்திற்கான வேலைகள் ஜனாதிபதியின் கரங்களால் ஆரம்பித்து வைக்கப்பட்டன. நாம் அதனை மனமார வரவேற்கிறோம். அது கட்டி முடிக்கப்பட்ட பின்னர், சர்வதேசப் போட்டி ஏதும் வராத மாதங்களில் அதன் ஆடுகளத்திற்கு நீர் ஊற்றுவதற்கும் அங்கே பாடசாலை அணிகள் ஆடுவதற்கும் ஆகும் செலவு யாருடைய ஆண்டறிக்கையில், எந்தத் தலைப்பின் கீழ் இடம்பெறும் என்பதை இலங்கை கிரிக்கெட் நிறுவனம் இப்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.