உங்கள் ஷிப்டை யார் பார்ப்பார்?

இரவு 2 மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். காலை 5 மணிக்கு உங்களுக்கு வேலை. அந்த நேரத்தில் யாரை எழுப்பி, "இன்னிக்கு என் ஷிப்டைப் பார்த்துக்கிறீங்களா?" என்று கேட்பீர்கள்? ஒரு பெயர் உடனே நினைவுக்கு வந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். வானொலியில் இந்தக் கேள்வி எங்களுக்கு அடிக்கடி வரும். அறிவிப்பாளர் வராவிட்டால் நிகழ்ச்சி இல்லையே!

சட்டம் நமக்குச் சாதகமாகத்தான் மாறியிருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48-லிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. மணமான ஆண்களுக்கும் 7 நாள் விடுப்பு உண்டு. ஆனால் கிள்ளானில் இருக்கும் என் நண்பர், அந்த 7 நாளில் மூன்று நாளை மருத்துவமனை நடைபாதையில் மடிக்கணினியோடு கழித்தார். அவர் வேலையை எடுத்துச் செய்ய, பக்கத்து மேசையில் ஆளில்லை.

நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்த நிலை இல்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போன அம்மாக்கள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார்கள். தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் சேர்ந்து பறிபோன காலத்தில், 1960-ல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள்! பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயர் தாங்கிய சாலையில் தினமும் நடக்கிறோம். எத்தனை பேருக்கு இது ஞாபகம்?

நாம் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம், லயத்துப் பழக்கம் கூட வரவில்லை. ஆண்டுக்கொரு குடும்ப தினம், புலனக் குழுவில் பிறந்தநாள் கேக் படம். இதை ஆதரவு என்று மனிதவளப் பிரிவு சொல்லிக்கொள்ளலாம், நான் சொல்லமாட்டேன்.

எங்களுக்குப் பலன் தந்தது ஒரு சாதாரணத் தாள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவர் வேலையைச் செய்யத் தெரிந்த இன்னும் இருவர் பெயரை எழுதிக் கதவில் ஒட்டினோம். எழுதும்போதுதான் தெரிந்தது, ஒரு தொழில்நுட்பர் பெயருக்கு எதிரே யாருமே இல்லை. மனிதர் பல வருடமாகத் தீபாவளிக்குக்கூட நீண்ட விடுப்பு எடுத்ததில்லையாம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது இரண்டு இளைஞர்கள் அவரிடம் வேலை பழகுகிறார்கள். புதன்கிழமை மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அண்ணனையும் இழுத்துக்கொண்டு போகிறோம். பில்லை யார் கட்டுவது என்ற சண்டைதான் இன்னும் தீரவில்லை.