பேசாத மடிக்கணினியைப் பேச வைக்கலாமா?

எங்கள் மயிலாடியில் சிலை செய்யும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறீர்களா, மக்களே? சிற்பி உளியை வைப்பதற்கு முன் கல்லைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்ப்பார். 'டங்' என்று மணி போல ஒலித்தால் நல்ல கல். 'டொக்' என்று மங்கலாகக் கேட்டால் உள்ளே எங்கோ விரிசல்! கல்லை உடைக்காமலேயே உள்ளே இருக்கும் குறையைக் காது கண்டுபிடித்து விடுகிறது.

சத்தம் வராத மடிக்கணினியையும் இப்படித்தான், கழற்றாமல் சோதிக்க வேண்டும்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் பிளஸ் 2 மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியது அல்லவா? அப்படி அண்ணனோ அக்காவோ வாங்கி வந்த கணினி, கீழே விழுந்து மூலை உடைந்து, "படம் தெரியுது, சத்தம்தான் வரல்லை" என்று அலமாரியில் தூங்கலாம். நமக்குப் பாட்டு கேட்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் பார்வையற்ற மாணவர்களை நினைத்துப் பாருங்கள். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் 'என்.வி.டி.ஏ.' என்ற இலவச மென்பொருளை நம்பியே அவர்களில் பலர் படிக்கிறார்கள். அதை உருவாக்கிய ஆஸ்திரேலியர்கள் இருவரும் பார்வையற்றவர்களே! அவர்களுக்குச் சத்தம் நின்றால் கணினியே நின்ற மாதிரி.

சரி, சோதனைக்கு வருவோம். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கணினியின் அடிப்பகுதி புடைத்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடவே கூடாது. தண்ணீர் கொட்டியிருந்தாலும் 'ஆன்' செய்யாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

முதலில் ஒலியளவுப் படத்தில் பெருக்கல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யாரோ சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறார்கள். (சிரிக்காதீர்கள், இது நிறைய வீடுகளில் நடப்பதுதான்!) பிறகு ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். நம்முடைய சுத்தியல் இதுதான். ஹெட்போனில் பாட்டு நன்றாகக் கேட்டால், ஒலியை உண்டாக்கும் சில்லு நலமாக இருக்கிறது. கோளாறு ஸ்பீக்கரிலோ, அதற்குப் போகும் கம்பியிலோ, ஹெட்போன் துளையிலோதான்.

அந்தத் துளை பொல்லாதது! பல கணினிகளில் அதற்குள் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். பின் உள்ளே போனதும் தகடு நகர்ந்து, 'ஹெட்போன் வந்துவிட்டது, ஸ்பீக்கரை நிறுத்து' என்று கணினிக்குத் தகவல் தரும். தூசி அடைத்தாலோ, உடைந்த பின்னின் நுனி உள்ளே மாட்டிக்கொண்டாலோ, ஹெட்போன் இல்லாதபோதும் இருப்பதாகவே கணினி நம்பிக்கொண்டிருக்கும். கணினியை அணைத்துவிட்டு, ஹெட்போன் பின்னை நாலைந்து முறை மெதுவாகச் செருகி எடுங்கள். ஊசி, கம்பி எதையும் விட்டுக் குடையக் கூடாது.

சத்தம் வருகிறது, ஆனால் 'கரகர' என்கிறதா? ஸ்பீக்கருக்குள் காந்தமும் கம்பிச் சுருளும் மெல்லிய சவ்வும் உண்டு. சுருள் முன்னும் பின்னும் அசைந்து சவ்வை அதிர வைக்கும். விழுந்த அதிர்ச்சியில் சவ்வு கிழிந்திருந்தால், சத்தத்தைக் கூட்டும்போது கரகரப்பும் கூடும். அந்தக் காந்தம் இரும்புத் துகளையும் இழுத்துக்கொள்ளும். உளி தீட்டும் இடத்தருகே கணினியை வைக்காதீர்கள். கிழிந்த ஸ்பீக்கரை ஒட்ட முயல்வதைவிட, கடையில் கொடுத்து மாற்றுவதே நல்லது.

ஹெட்போனிலும் சத்தம் இல்லையா? கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பயனில்லை என்றால் ஒலிக்கான 'டிரைவர்' மென்பொருளை மறுபடி நிறுவச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சில்லு பழுதாகியிருக்கலாம். அப்போதும் வழி உண்டு! 'யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு' என்று விரல் அளவில் ஒரு கருவி கடையில் கிடைக்கும். அதற்குள்ளேயே தனி ஒலிச் சில்லு இருக்கிறது. பென் டிரைவ் செருகும் துளையில் அதைச் செருகி, ஹெட்போனை அதில் மாட்டினால் போதும். உள்ளே பழுதான சில்லைத் தொடவே வேண்டாம்.