தாமதக் கணக்கில் தடுமாறும் கம்ப்யூட்டர்

கூட்டல், பெருக்கல் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, விடையை மட்டும் தவறாகச் சொல்லுமா கம்ப்யூட்டர்? சொல்லும். எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தால் நீங்களே பார்க்கலாம்.

ஷவரில் குளிக்கிறீர்கள். வெந்நீர்க் குழாயைத் திருப்பினால் சூடு வந்து சேர 1 வினாடி ஆகிறது. அதற்குள் இன்னும் திருப்பிவிடுகிறீர்கள், தண்ணீர் சுடுகிறது. குறைத்தால் ஜில்லென்று ஆகிறது. இப்படிப் பழைய நிலையைப் பார்த்து இப்போது நடக்கும் மாற்றத்தைச் சொல்வதுதான் தாமத வகைக்கெழுச் சமன்பாடு.

1 டிகிரி வித்தியாசம் தெரிந்தால் வினாடிக்கு 1.2 டிகிரி வீதம் திருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாமதம் 1 வினாடியாக இருக்கும்போது இந்த எண் 1.57-க்குக் கீழே இருந்தால் ஏற்ற இறக்கம் தானாக அடங்கும் என்கிறது கணிதம். நம்முடையது 1.2 தான். எனவே அடங்க வேண்டும்.

இப்போது எக்செல்லைத் திறங்கள். முதல் வரிசையில் மேலிருந்து இரண்டு செல்களில் 1 என டைப் செய்யுங்கள். மூன்றாவது செல்லில் ஈக்வல் குறி போட்டு, இரண்டாவது செல்லைக் கிளிக் செய்து, மைனஸ் 1.2, பெருக்கல் குறி (*), பின் முதல் செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். அந்த செல்லின் வலது கீழ் மூலையை மவுஸால் பிடித்து 30 வரிகள் வரை இழுங்கள். 4வது வரியில் -1.4, 7வதில் 1.91, 10வதில் -2.55, 13வதில் 3.33 என வளர்ந்துகொண்டே போகும்!

அடுத்த வரிசையில் 11 செல்களில் 1 போடுங்கள். 12வது செல்லில், 11வது செல்லிலிருந்து முதல் செல்லின் 0.12 மடங்கைக் கழியுங்கள். 300 வரிகள் வரை இழுங்கள். ஏறி இறங்கி, பூஜ்யத்தை நெருங்கிவிடும்.

இரண்டும் ஒரே குழாய், ஒரே முறை. ஆய்லர் 1768ல் வெளியிட்ட முறை இது. முதலில் ஒரு வரிக்கு 1 வினாடி, பிறகு 0.1 வினாடி. பெரிய படியில் கம்ப்யூட்டர் பழைய தகவலையே 1 வினாடி முழுக்கப் பிடித்துக்கொள்கிறது. கூடுதல் தாமதம் சேர்ந்ததுபோல் ஆகி, 1.57 என்ற எல்லை 1 ஆகச் சுருங்குகிறது. சிறிய படியில் அது சுமார் 1.49.

முதல் விடையை நம்பினால், ஒழுங்காக வேலை செய்யும் ஒரு கன்ட்ரோலரைப் பொறியாளர் தூக்கி எறிந்துவிடுவார். ஆனால் 0.12-க்குப் பதில் 0.17 போட்டுப் பாருங்கள். எவ்வளவு சிறிய படி வைத்தாலும் அடங்காது. அங்கே கோளாறு குழாயில்தான்.

எனவே, படியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். விடை தலைகீழானால் முதல் விடையை நம்பாதீர்கள்.