விளையாட்டு முற்றத்தில் ஒரு வேதபாடம்

விளக்கு வைத்தாயிற்று. வீட்டில் பெரியவர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை மட்டும் திண்ணையை விட்டு எழுந்து வரவில்லை. "சுவாமி கும்பிட வாடா!" என்று தகப்பனார் ஓர் அதட்டல் போடுகிறார். பிள்ளை வருகிறான், கையையும் கூப்புகிறான். அவன் மனமும் கூட வந்ததா என்பதை யாரும் கேட்பதில்லை. கிறிஸ்தவ வீடாயிருந்தால் ஜெபம், முஸ்லிம் வீடாயிருந்தால் தொழுகை என்று பெயர் மாறுமே தவிர, சங்கடம் என்னவோ ஒன்றுதான். மீசை அரும்பும் வயதில் உள்ளத்தில் 'ஏன்?' என்ற கேள்வியும் அரும்பத்தான் செய்கிறது. அதை அதட்டி அடக்குவதா? அல்லது அதற்கு இடங்கொடுத்துக் கூடவே நடப்பதா?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகக் கொடுத்த ஒரு கிறிஸ்தவக் குருவைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். இத்தாலி தேசத்து ஜான் போஸ்கோ என்பவர் அவர். 'டான் போஸ்கோ' என்ற பெயர் தாங்கிய பள்ளிக்கூடங்களை நாம் அறிவோம். ஆனால் அவர் முதன்முதலில் நடத்தியது பள்ளிக்கூடம் அல்ல. ஏழைப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி விளையாடும் ஒரு சங்கம்.

கயிற்றில் நடந்த சிறுவன்

அவர் பிறந்தது 1815-ஆம் வருஷம், வட இத்தாலியில் ஒரு குக்கிராமத்தில். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனார் காலமாகிவிட்டார். உழுது பிழைக்கும் தாயார் மார்கரீத்தா, குழந்தைகளை வளர்த்து ஆளாக்கினாள். சிறுவன் ஜான் சந்தைகளில் கழைக்கூத்தாடிகளைக் கண்கொட்டாமல் பார்த்து, அவர்களுடைய வித்தைகளையெல்லாம் கற்றுக்கொண்டான். பிறகு இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி அதன்மேல் நடந்து காட்டுவான். ஊர்ப் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடுவார்கள். வித்தையின் நடுவே நிறுத்தி, அன்று காலை கோயிலில் கேட்ட பிரசங்கத்தைத் தானே ஒருமுறை செய்து முடித்துவிட்டுத்தான் மறுபடி கயிற்றில் ஏறுவான்! வேடிக்கையும் வேதமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அந்த வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது.

அடியும் அழைப்பும்

1841-ல் அவர் குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகரத்துக்கு வந்தார். கொத்துவேலைக்கும் புகைபோக்கி துடைக்கும் வேலைக்கும் மலைநாட்டுச் சிறுவர்கள் அந்நகரில் வந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது. கஃபாஸ்ஸோ என்ற மூத்த குருவானவர் டான் போஸ்கோவைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே திடகாத்திரமான பையன்கள் பூச்சிக்கடிக்கு இரையாகிச் சும்மா கிடந்தார்கள். விடுதலையாகிப் போனவர்களும் சில நாளில் திரும்பி வந்தார்கள். வெளியே அவர்களுக்கு ஆதரவாக ஒருவரும் இல்லை என்பதே அதற்குக் காரணம் என்று அவர் கண்டுகொண்டார்.

அவ்வருஷம் டிசம்பர் 8-ந் தேதி. அஸிஸி பிரான்சிஸ் கோயிலில் அவர் பூசைக்கு உடை அணிந்துகொண்டிருந்தார். குளிருக்கு ஒதுங்கியவன்போல் ஒரு பையன் உள்ளே வந்து நின்றான். பூசைக்கு உதவி செய்யும்படி கோயிற்பிள்ளை அவனை ஏவினார். தனக்குத் தெரியாது என்றான் பையன். "தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று தூசி தட்டும் கோலாலேயே அடி விழுந்தது. பையன் ஓடினான். டான் போஸ்கோ திகைத்து, அவன் தம்முடைய நண்பன் என்று சொல்லித் திரும்ப அழைத்துவரச் செய்தார்.

பூசை முடிந்ததும் இருவரும் பேசினார்கள். பையன் பெயர் பார்த்தொலொமேயோ கரெல்லி, வயது 16, கொத்துவேலை, தாய் தகப்பன் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. வேதபாட வகுப்புக்கு ஏன் போவதில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் நம் கவனத்துக்குரியது. தன்னைவிடச் சிறு பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் தெரிந்திருக்கிறதாம். இவ்வளவு பெரியவன் ஒன்றும் தெரியாமல் அவர்கள் நடுவில் உட்கார வெட்கமாக இருக்கிறதாம்!

பெரியவர்கள் நாஸ்திகம் என்றும் திமிர் என்றும் எண்ணிக்கொள்வது எத்தனை சமயங்களில் வெறும் வெட்கமாக இருக்கிறது! தனியாகச் சொல்லிக் கொடுத்தால் வருவாயா என்று டான் போஸ்கோ கேட்டார். பையன் அக்கணமே சம்மதித்தான். சிலுவை அடையாளம் போடுவதிலிருந்து அன்று பாடம் தொடங்கிற்று. அடுத்த வாரங்களில் அவனைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தார்கள்.

துரத்தப்பட்ட சங்கம்

கூட்டம் பெருகிற்று, கூச்சலும் பெருகிற்று. இடங்கொடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை விரித்தார்கள். சங்கம் கல்லறைக் கோயிலிலிருந்து மாவு ஆலைக்கும், அங்கிருந்து வெறும் புல்வெளிக்கும் போயிற்று. டான் போஸ்கோவுக்குச் சம்பளம் கொடுத்து ஆதரித்த பரோலோ சீமாட்டி, "பையன்களா, உத்தியோகமா?" என்று கேட்டாள். அவர் பையன்களைத் தேர்ந்துகொண்டார். வாலிபர் கூடினாலே சர்க்காருக்குக் கலக்கந்தான் போலும்! நகர அதிகாரி கவூர் பிரபு ஞாயிறுதோறும் காவலர்களை அனுப்பி வேவு பார்த்தார். பிரசங்கத்தைக் கேட்ட காவலர்களுக்கே பாவசங்கீர்த்தனம் செய்யத் தோன்றிற்றாம்.

அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நண்பர்களே எண்ணினார்கள். இரண்டு குருமார் வண்டியுடன் வந்து உலாவப் போகலாம் என்று அழைத்தார்கள். போகும் இடம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்பதை டான் போஸ்கோ ஊகித்துக்கொண்டார். மரியாதையாக அவர்களை முதலில் ஏறச் சொல்லி, கதவைப் படீரென்று சாத்தி, "ஆஸ்பத்திரிக்கு ஓட்டு!" என்று வண்டிக்காரனுக்கு உத்தரவிட்டார். அங்கே அகப்பட்டுக்கொண்டு விழித்தவர்கள் வந்த இருவருந்தான்.

1846 ஏப்ரல் 12, ஈஸ்டர் பண்டிகையன்று வால்தொக்கோ என்ற புறநகர்ப் பகுதியில் தாழ்ந்த கூரையுடைய ஒரு கொட்டகை சங்கத்துக்குக் கிடைத்தது. காலையில் பூசை, பிறகு விளையாட்டு, பிற்பகலில் வேதபாடம், இருட்டும்வரை மறுபடி விளையாட்டு. படிப்பில்லாதவர்களுக்கு இரவுப் பள்ளியும் உண்டு. ஓடி விளையாடும் பையன் ஒருவனை அருகே அழைத்துக் காதோடு ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார். நீண்ட உபதேசம் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்துவிடும். 1852-ல் ஒரு தச்சுவேலைப் பையனுக்காக எஜமானனோடு எழுத்து மூலம் ஒப்பந்தமே செய்து வைத்தார். தொழிலை ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும், கைநீட்டி அடிக்கக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். வயிற்றையும் முதுகையும் காப்பாற்றாமல் ஆன்மாவைப் பற்றி மட்டும் பேசுகிறவர் அல்ல அவர்.

கட்டாயம் கூடாது

தம் அனுபவத்தின் சாரத்தை 1877-ல் ஒரு சிறு நூலாக எழுதினார். அறிவுக்குப் பொருந்தும் காரணம், சமயப் பற்று, அன்பு ஆகிய மூன்றே அதன் தூண்கள். பாவசங்கீர்த்தனத்துக்கும் நற்கருணைக்கும் வரும்படி பிள்ளைகளை ஒருபோதும் கட்டாயப்படுத்தக்கூடாது, ஊக்கமும் வசதியும் அளித்தால் போதும் என்கிறார் அதில். இதைச் சொன்னவர் எல்லா மதமும் ஒன்றே என்ற கொள்கைக்காரர் அல்ல. நரகத்தைப் பற்றி நடுங்கும்படி பிரசங்கம் செய்த கண்டிப்பான கத்தோலிக்கர். அப்படிப்பட்டவரே கட்டாயம் கூடாது என்றதுதான் இதன் பெருமை.

1884-ல் ரோமாபுரியிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில் தாம் கண்ட ஒரு கனவை விவரிக்கிறார். பழைய முற்றத்தில் குருமாரும் பையன்களும் சேர்ந்து ஆடிக் களிக்கிறார்கள். புதிய முற்றத்திலோ ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி உலாவுகிறார்கள், பையன்கள் ஒதுங்கிச் சோர்ந்து நிற்கிறார்கள், பக்தியும் குளிர்ந்துவிட்டது. பிள்ளைகளிடம் அன்பு வைத்தால் மட்டும் போதாது, அந்த அன்பு அவர்களுக்குத் தெரியவும் வேண்டும். அவர்களுக்குப் பிடித்ததில் நாம் கலந்துகொண்டால்தான் நமக்குப் பிடித்ததில் அவர்கள் கலந்துகொள்வார்கள் என்பது கடிதத்தின் கருத்து.

1888-ல் அவர் காலமானார். 1934-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. அவர் நிறுவிய சலேசிய சபையினர் 1906-லேயே நம் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

தூரின் நகரத்து முற்றம் வெகு தூரத்தில் இருக்கிறது. நம் வீட்டுத் திண்ணை பக்கத்தில்தான் இருக்கிறது. இன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை எழுந்து வராவிட்டால், அதட்டுவதற்கு முன் நாமே திண்ணைக்குப் போய் அவன் அருகில் சற்று நேரம் உட்கார்ந்து பார்ப்போம். அவன் மனத்தில் இருப்பது கேள்வியோ வெட்கமோ, அதை முதலில் சொல்லட்டும். தெய்வம் அதுவரை காத்திருக்கும்.