கொடைக்கானலுக்குப் போகிறீர்களா? வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள்!

பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. வெயில் கொளுத்துகிறது. "இந்த வருடமாவது குளிர்ச்சியான ஊர் எதற்காவது கூட்டிப் போங்கள்" என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. முடிவில், கொடைக்கானல் என்று தீர்மானம் ஆகிறது.

ஓட்டலில் அறை எடுப்பதற்குப் பதிலாக, ஒரு வீட்டையே நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் இப்போது அதிகம். அதில் வசதியும் உண்டு. சமைத்துச் சாப்பிடலாம். குழந்தைகள் ஓடி ஆடலாம். பாட்டியையும் தாராளமாக அழைத்துப் போகலாம்.

சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் சில யோசனைகள் சொல்வார். பிரயாணக் களைப்பில் பலர் அதைக் காதில் வாங்குவதில்லை. "சரி, சரி" என்று சாவியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

அவர் சொல்லும் யோசனைகளில் ஒன்று, உயிரைக் காக்கும் யோசனை!

புறப்படும் முன்பே

"சார், இ-பாஸ் எடுத்துவிட்டீர்களா?"

டெலிபோனில் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சென்னை ஐகோர்ட்டு உத்தரவின்படி 2024-ம் ஆண்டு மே 7-ந் தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது. சொந்தக் காரிலோ, வாடகைக் காரிலோ போகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பஸ்சில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2025-ம் ஆண்டு கோடையில், கொடைக்கானலுக்கு ஒரு நாளைக்கு 4 ஆயிரம் வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6 ஆயிரம் வண்டிகள் என்று கணக்கும் வைத்தார்கள். மலை எத்தனை வண்டிகளைத்தான் தாங்கும்?

இன்னொன்று. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை உண்டு. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் கூஜாவையோ, பிளாஸ்கையோ எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு வெந்நீருக்கும் ஆயிற்று.

ரெயிலில் வருகிறவர்கள் கொடைரோடு ஸ்டேஷனில் இறங்குவார்கள். பெயரைப் பார்த்து, ஊர் பக்கத்தில் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்! அங்கிருந்து மலைக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போக வேண்டும்.

மோட்டார் ரோடு 1916-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் துரைமார்களும் துரைசானிகளும் பெரியகுளம் பக்கத்தில் இருந்து டோலியில் உட்கார்ந்து மேலே போனார்கள். அவர்களைத் தோளில் தூக்கிச் சென்றவர்களின் பாடு என்ன பாடாக இருந்திருக்கும்!

மலைப் பாதையில் குழந்தைகள் வாந்தி எடுப்பது சகஜம். வெறும் வயிறும் ஆகாது. வயிறு முட்டவும் ஆகாது. இரண்டு இட்லி போதும். செல்போனைக் கையில் கொடுக்காமல், ஜன்னல் வழியாகத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தலை சுற்றுவது குறையும்.

அடுப்பை அறைக்குள் கொண்டு போகாதீர்கள்!

இனிச் சொல்லப்போவதைக் குடும்பத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் எலும்பைத் துளைக்கும். சித்திரையில்கூட, கீழே இருந்து வருகிறவர்களுக்குப் பல் கிட்டும்.

சாயங்காலம் வாசலில் கரி அடுப்பு மூட்டுகிறார்கள். கோழியோ, சோளமோ வாட்டித் தின்கிறார்கள். மணி பத்து ஆகிறது. குளிர் தாங்க முடியவில்லை. அடுப்பில் கரி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது.

"இதை உள்ளே வைத்தால் அறை கதகதப்பாக இருக்குமே!" என்று யாருக்கோ தோன்றுகிறது. அடுப்பு உள்ளே போகிறது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தப்படுகின்றன. எல்லோரும் போர்வைக்குள் புகுந்துகொள்கிறார்கள்.

காலையில் கதவைத் தட்டினால் பதில் இல்லை.

இது கதை அல்ல. கொடைக்கானலுக்கு உல்லாசப் பயணம் வந்தவர்கள் இப்படிச் செத்தது உண்டு. 2024-ம் ஆண்டிலும் நடந்தது.

காரணம் என்ன? கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. கண் எரியாது, இருமலும் வராது. அதனால் அது அறையில் நிறைவது யாருக்கும் தெரியாது. நம் ரத்தம் பிராணவாயுவைச் சுமந்து செல்ல வேண்டும். இந்த விஷவாயுவோ பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலாக ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிராணவாயுவுக்கு இடமே இல்லாமல் போய்விடும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார்.

"புகை அடங்கிவிட்டதே, இனி என்ன பயம்?" என்று கேட்பார்கள். அதுதான் ஏமாற்றம்! புகை இல்லாத தணலில் இருந்தும் இந்த வாயு வரும்.

முதலில் தலை வலிக்கும். பிறகு குமட்டல், கிறுகிறுப்பு. "மலை ஏறி வந்த களைப்பு" என்று நினைத்து, தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்துவிடுவார்கள். வீட்டில் ஒருவருக்குத் தலை வலித்தால் அது களைப்பாக இருக்கலாம். மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் வலித்தால் சந்தேகப்படுங்கள்! கதவைத் திறந்து எல்லோரும் உடனே வெளியே வாருங்கள். 108-க்கு டெலிபோன் செய்யுங்கள்.

குளிக்கும் அறைக்குள் காஸ் கெய்சர் இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே குளியுங்கள்.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது? இன்னும் இரண்டு கம்பளி கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலுறையும் காதுக்கு மப்ளரும் போட்டுக்கொண்டால் பாதிக் குளிர் போய்விடும். புகைபோக்கி வைத்த பழைய பங்களாவாக இருந்தால், கணப்பை வீட்டுக்காரரே மூட்டித் தரட்டும். புகைபோக்கி அடைத்திருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். தூங்கப் போகும் முன் நெருப்பை அணைத்துவிட வேண்டும்.

சோறு வேகவில்லையே!

முதல் நாள் சமையலில் அம்மாமார்களுக்கு ஒரு திகைப்பு ஏற்படும். உலை கொதிக்கிறது, அரிசி வேகவில்லை! துவரம்பருப்போ கல்லாகவே கிடக்கிறது.

குற்றம் அரிசியில் இல்லை. உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். கீழே 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கொடைக்கானலில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதி வருகிறதே தவிர, சூடு போதவில்லை. குக்கரில் வையுங்கள். வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள்.

இரவில் வரும் விருந்தாளி

இரவில் வாசலில் கரிய உருவம் ஒன்று நிற்கும். மாடு என்று நினைத்து விரட்டப் போகாதீர்கள். அது காட்டெருமை! வளர்ந்த காளை ஆயிரம் கிலோ எடைகூட இருக்கும். கொடைக்கானலில் இவை ஏரிக்கரைக்கும் கடைத்தெருவுக்கும் சர்வ சாதாரணமாக வருகின்றன. ஊர்க்காரர்கள் ஒதுங்கி நின்று வழி விடுவார்கள். வெளியூர்க்காரர்கள் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பார்கள். அதனால்தான் முட்டுப்படுகிறார்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் போய்விடாதீர்கள். மிச்சச் சோற்றையும் காய்கறித் தோலையும் வாசலில் கொட்டினால் அதுவே அழைப்பிதழ் ஆகிவிடும்.

பகலில் குரங்குகளின் ராஜ்யம். ஜன்னலில் வாழைப்பழத்தை வைத்தால் போயிற்று.

விடியற்காலையில் கிளம்புங்கள்

கோக்கர்ஸ் வாக், தூண் பாறை இரண்டையும் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். பகல் ஏறிய பிறகு பள்ளத்தாக்கில் இருந்து பனிமூட்டம் எழும்பி வந்துவிடும். சுமார் 400 அடி உயரமுள்ள தூண் பாறை எதிரே நின்றும் கண்ணுக்குத் தெரியாது! மதியம் போய் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று திரும்பி வருகிறவர்கள் ஏராளம்.

மதியத்துக்கு ஏரி இருக்கிறது. நட்சத்திர வடிவமான இந்த ஏரி தானாக உண்டானது அல்ல. மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் 1863-ல் அணை கட்டி உண்டாக்கியது.

பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். முதல் நாளே வீட்டுக்காரரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"குறிஞ்சிப் பூ எங்கே?" என்று கேட்காதவர் இல்லை. 12 வருடத்துக்கு ஒரு முறை பூப்பது அது. 2018-ல் பூத்தது. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2030. நடுவில் எவராவது "காட்டுகிறேன், வாருங்கள்" என்றால் பர்சைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்!

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு வீட்டுக்காரர் சொல்லும் இடம் பூம்பாறை. படிப்படியாக வயல்கள், நடுவில் அடுக்கி வைத்தாற்போல் வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். பூண்டு விளையும் ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாக்லெட் வாங்க நூறு ரூபாய் செலவழித்தால், பூண்டு வாங்கவும் நூறு ரூபாய் எடுத்து வையுங்கள். வாசனையும் காரமும் கூடுதல். காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் பல மாதம் கெடாது.

இறங்கும்போது

இருட்டும் முன் மலையை விட்டு இறங்கிவிடுங்கள். "தம்பி, எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரிலேயே இறங்கு" என்பது மலை டிரைவர்களின் பாடம். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு, பிரேக்கை மிதித்தபடியே வந்தால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். எதிரே மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு நில்லுங்கள்.

வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சியில் எல்லா வண்டிகளும் நிற்கும். ஏரியில் இருந்து வழிந்து வரும் தண்ணீர்தான் அது. ரோட்டில் நின்றே பார்க்கலாம். பாசி படிந்த பாறைமேல் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். வேர்க்கடலை வாங்கிக் கொறித்துவிட்டு வண்டி ஏறுங்கள். வத்தலக்குண்டு வருவதற்குள் ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் கழன்று பைக்குள் போய்விடும்.