சிரிக்க வைத்த வில்லி: எர்த்தா கிட்

கோதம் நகரத்துச் சீமாட்டிகள் கூடியிருக்கும் மதிய விருந்து. நேர்த்தியாக உடுத்துபவர் என்ற பரிசு பேட்கேர்ளுக்குப் போய்விடுகிறது. பொறாமையில் கொதித்தபடி உள்ளே பாய்கிறாள் கேட்வுமன். அவள் வீசும் குண்டு யாரையும் கொல்வதில்லை. மணிக்கணக்கில் சீவி முடித்த அத்தனை கொண்டைகளையும் பரட்டையாக்கிவிடுகிறது, அவ்வளவுதான்! 1967 டிசம்பரில் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில், ‘பேட்மேன்’ தொடரின் புதிய வில்லியாக எர்த்தா கிட் நுழைந்தது இப்படித்தான்.

அதற்கு முன் அந்த வேடத்தில் கலக்கியவர் ஜூலி நியூமார். நம் ஊர்த் தியேட்டர்களிலும் கூட்டம் அலைமோதிய ‘மெக்கன்னாஸ் கோல்டு’ படப்பிடிப்புக்கு அவர் போய்விட, வாய்ப்பு கிட்டுக்கு வந்தது. அவர் நடித்தது ஒரு சில அத்தியாயங்கள்தான். ஆனாலும் ‘ர’கரத்தை நாக்கில் உருட்டி, பூனை உறுமுவதுபோல் இழுத்த அந்தக் குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கவில்லை. வில்லத்தனத்தைத் துளியும் குறைக்காமல் சிரிக்க வைப்பது கடினம். கொஞ்சம் கூடினால் கோமாளித்தனம், குறைந்தால் வெறும் கொடூரம். கிட் அந்தக் கோட்டின்மேல் நடனமே ஆடினார்.

நியூமார் காலத்தில் பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் இடையே இருந்த காதல் சீண்டல்கள், கறுப்பினப் பெண்ணான கிட் வந்ததும் காணாமல் போயின. கலப்பு மணத்தைத் தடுத்த மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே அந்த 1967-ல்தான். காதல் போனதில் ஒரு லாபமும் உண்டு என்பேன். கிட்டின் கேட்வுமன் எந்த ஆணுக்காகவும் உருகவில்லை. அவளுக்கு வேண்டியதை அவளே எடுத்துக்கொண்டாள்.

தென் கரோலினாவின் பருத்திக்காட்டுப் பகுதியில் 1927-ல் பிறந்து, வறுமையிலும் உதாசீனத்திலும் வளர்ந்தவர் கிட். நியூயார்க்கில் கேத்தரின் டன்ஹமின் நடனக் குழுவில் சேர்ந்து ஐரோப்பா போனார். ஆர்சன் வெல்ஸின் மேடையில் நடித்தார். 1953-ல் ‘சாண்டா பேபி’ பாடிப் புகழின் உச்சிக்கு வந்தார்.

1968 ஜனவரி 4 அன்று அவருடைய கடைசி கேட்வுமன் அத்தியாயம் ஒளிபரப்பானது. சரியாக இரண்டு வாரம் கழித்து இன்னொரு மதிய விருந்து. இம்முறை வெள்ளை மாளிகையில். அதிபர் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட், இளைஞர் குற்றங்களைப் பற்றிப் பேசப் பெண்களை அழைத்திருந்தார். கிட் எழுந்து, நாட்டின் நல்ல பிள்ளைகளை வியட்நாமுக்கு அனுப்பிச் சாகக் கொடுக்கிறீர்கள், அவர்கள் கலகம் செய்யாமல் என்ன செய்வார்கள் என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். குண்டு வீசும் வில்லியைக் கைதட்டி ரசித்த நாட்டுக்கு, உண்மை பேசிய பெண்ணைப் பொறுக்க முடியவில்லை. அமெரிக்காவில் வாய்ப்புகள் வற்றின. பிழைப்புக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு மேடைகளையே நம்ப வேண்டியதாயிற்று. அவருடைய அந்தரங்கத்தைப் பற்றிய வம்புப் பேச்சுகளை எல்லாம் தொகுத்து சி.ஐ.ஏ. கோப்பு வைத்திருந்தது 1975-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ மூலம் அம்பலமானது. படிக்கும்போது இன்றைக்கும் கோபம் வருகிறது.

அவர் மனம் தளரவில்லை. 1978-ல் ‘டிம்பக்டூ!’ நாடகத்துடன் பிராட்வேக்குத் திரும்பினார்; டோனி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். 2000-ல் டிஸ்னியின் ‘தி எம்பரர்ஸ் நியூ குரூவ்’ அனிமேஷன் படத்தில் இஸ்மா வந்தாள்: எலும்பும் தோலுமான, மன்னனுக்கு விஷம் வைக்கத் துடிக்கிற, ஒவ்வொரு முறையும் தன் எடுபிடியின் அசட்டுத்தனத்தால் கோட்டைவிடுகிற கிழவி. அவளுடைய சீற்றமும் கெஞ்சலும் இளிப்பும் ஒரே வாக்கியத்துக்குள் மாறிமாறி வரும். பார்ப்பது சித்திரத்தைத்தான் என்றாலும், அங்கே நடிப்பது முழுக்கக் கிட்டின் தொண்டைதான். கேட்வுமனையே அறியாத ஒரு தலைமுறைக் குழந்தைகள் அந்தக் குரலுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தப் படத்தின் தொடர்ச்சியாக 2006-ல் டிஸ்னி சேனலில் வந்த ‘தி எம்பரர்ஸ் நியூ ஸ்கூல்’ தொடரிலும் அவரே இஸ்மா. அதற்காக 2007, 2008 என அடுத்தடுத்து இரண்டு டேடைம் எம்மி விருதுகளை வென்றார். இரண்டாவதை வென்ற அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, 81 வயதில் காலமானார்.